ஒரு மாத்திரையின் சரித்திரம் – 7: 150 மைக்ரோகிராம்

போர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியட்ராஸ் குடியிருப்பில் 1956இல் தொடங்கிய சோதனையும், மறு ஆண்டில் மாதவிடாய்க் கோளாறுகளுக்கான மருந்தாக எனோவிட் பெற்ற அனுமதியும், அந்த அனுமதியின் நிழலிலேயே லட்சக்கணக்கான அமெரிக்கப் பெண்கள் திடீரென்று மாதவிடாய்க் கோளாறு என்று சொல்லிக்கொண்டு வைத்தியர்களை நாடிய அதிசயமும், இறுதியில் 1960ஆம் ஆண்டு கர்ப்பத்தடைக்கென்றே அந்த மருந்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அளித்த இசைவும் சென்ற வாரம் வரை நாம் கண்டவை.

அதன்பின் ஐந்தே ஆண்டுகளில், அமெரிக்காவில் மட்டும் 60 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அம்மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ளலாயினர். அவர்களுள் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். நல்ல தேக ஆரோக்கியமுள்ள இளம் பெண்கள்.

நோயில்லாத உடம்புக்குள் ஆண்டுக்கணக்காக ஒரு மருந்து செல்லும்போது அங்கே என்ன நிகழ்கிறது என்று எவரும் ஆர அமரக் கேட்டிராத அக்காலத்தில், முதல் எச்சரிக்கை எங்கிருந்து வந்தது, அது உரியவர்களின் செவியில் ஏற ஏன் பத்தாண்டுகள் பிடித்தன என்பதே இவ்வாரம் நாம் காணவிருக்கும் பகுதி.

* * *

அசுத்தமாக வந்த பொருள்

எனோவிட் மாத்திரையின் உள்ளடக்கத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பத்து மில்லிகிராம் எடையுள்ள மருந்தில் 9.85 மில்லிகிராம் நாரெத்தினோட்ரெல் என்ற பொருள். புரோஜெஸ்டிரோன் என்னும் இயற்கை ஹார்மோனின் தொழிலைச் செய்வதற்காக ஸியர்ல் கம்பெனியின் ரசாயன நிபுணர் ஃபிராங்க் கோல்டன் ஆக்கியது. கருமுட்டை வெளிப்படாமல் தடுக்கும் பெரும்பணி அதனுடையது என்றே எல்லோரும் கருதினர்.

எஞ்சிய 0.15 மில்லிகிராம், அதாவது 150 மைக்ரோகிராம், மெஸ்ட்ரனால் என்ற பொருள். அது ஈஸ்ட்ரோஜன் இனத்தைச் சேர்ந்தது.

இந்த இரண்டாவது பொருளை யாரும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை. நாரெத்தினோட்ரெலைத் தயாரிக்கும் ரசாயனக் கிரியையில் அது தானாகவே ஓர் அசுத்தமாகக் கலந்து வந்தது. அதை அறிந்து, மருந்து தூய்மையாக இருக்க வேண்டுமென்ற இயல்பான ஆசையால் அதனை நீக்கியபோது, மருந்தை உட்கொண்ட பெண்களுக்கு மாதத்தின் நடுவே ஒழுங்கற்ற உதிரப்போக்கு ஏற்பட்டது. ஆகவே, நீக்கிய அசுத்தத்தையே அளந்து, திட்டமான அளவில் மீண்டும் சேர்த்தனர்.

அந்த அளவு அவ்வளவு இருக்க வேண்டுமா, அதைவிடக் குறைத்தால் போதாதா என்ற ஆராய்ச்சி அப்போது நடைபெறவில்லை. மாத்திரை தன் காரியத்தைத் தவறாமல் செய்தது. அதுவே அன்று போதுமானதாயிருந்தது.

போர்ட்டோ ரிக்கோவில் சோதனையை மேற்பார்வையிட்ட டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற அம்மையார், மருந்தை உட்கொண்டவர்களுள் நூற்றுக்கு 17 பேர் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வாந்தி முதலிய உபாதைகளுக்கு ஆளாவதை முன்னரே எழுதியனுப்பி, இவ்வளவு பக்க விளைவுகளோடு இம்மருந்து பொதுமக்களுக்கு ஏற்றதாகாது என்று தெளிவாகவே தெரிவித்திருந்தார். மாத்திரையை உருவாக்கிய விஞ்ஞானி பின்கஸோ அவற்றுள் பெரும்பகுதி மனத்தின் கற்பனையால் எழுவது என்று எண்ணினார். ஒரு பெண் தன் உடம்பில் உணர்வதாகச் சொல்வதை அவளுடைய மனத்தின் மேல் ஏற்றிவிடும் இந்த வழக்கம் வைத்திய உலகில் நெடுநாளாக வேரூன்றியது. நம் கதையில் அது செய்த தீங்கு சிறிதன்று.

* * *

ஸஃபக்கிலிருந்து ஒரு கடிதம்

1961ஆம் ஆண்டு நவம்பர் மாதம், லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்ஸெட்' என்ற வைத்தியப் பத்திரிகையின் கடிதப் பகுதியில், இங்கிலாந்தின் ஸஃபக் பிரதேசத்தைச் சேர்ந்த ஜார்டன் என்னும் குடும்ப வைத்தியர் ஒரு சிறு கடிதம் எழுதியிருந்தார்.

அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த நர்ஸ் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இருந்தது. கருப்பையின் உட்புறத்தில் மட்டுமே இருக்க வேண்டிய படலம் கருப்பைக்கு வெளியே, வயிற்றின் பிற இடங்களிலும் படர்ந்து, மாதந்தோறும் கடும் வேதனையைத் தரும் நோய் அது. அதற்கு எனோவிட் நல்ல மருந்து என்று கண்டிருந்தனர். ஹார்வர்டைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் கிஸ்ட்னர், இம்மருந்தை மிகுந்த அளவில் இடைவிடாது கொடுத்து, உடம்பைக் கர்ப்பமுற்றதுபோன்ற நிலையில் சில மாதங்கள் வைத்திருந்தால் அந்தப் படலம் சுருங்கி நோய் தணியும் என்று காட்டியிருந்தார்.

ஸஃபக் நர்ஸும் கர்ப்பத்தைத் தடுக்க அதனை உட்கொள்ளவில்லை; நோயைத் தணிக்கவே உட்கொண்டார். அவருடைய நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ரத்தக் கட்டிகள் அடைத்துக்கொண்டன.

இந்த விபத்து எப்படி நிகழ்கிறதென்பதைச் சற்று விளக்குவது நலம். காலின் ஆழ்ந்த சிரைகளில் ரத்தம் உறைந்து ஒரு கட்டி உருவாகிறது. கால் வீங்கும், வலிக்கும். சில சமயம் அதுவும் தெரியாது. அந்தக் கட்டியின் ஒரு துண்டு பிரிந்து, ரத்த ஓட்டத்தோடு மேலேறி, இருதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரலின் குழாயில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. மூச்சுத் திணறலும் மார்பில் குத்தும் வலியும் உண்டாகின்றன. கட்டி பெரிதாயிருந்தால் சில நிமிஷங்களில் உயிர் போய்விடும்.

ஈஸ்ட்ரோஜன் மிகுதியாகச் சேரும்போது, ரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களைக் கல்லீரல் அதிகமாக உற்பத்தி செய்கிறது என்பதும், உறைதலைத் தடுத்து நிறுத்தும் புரதங்கள் சில குறைந்துபோகின்றன என்பதும் இன்று நமக்குத் தெரியும். 1961இல் ஜார்டனுக்கு இதெல்லாம் தெரியாது. மருந்து ஒன்று, விபத்து ஒன்று, இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தன என்பது மட்டுமே அவர் கண்டது. கண்டதை மறைக்காமல் எழுதினார்.

* * *

தற்செயலா, காரணமா?

கடிதம் வெளிவந்தபின் பிற வைத்தியர்களும் தாங்கள் கண்டவற்றை எழுதத் தொடங்கினர். 1962ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குள், ரத்தக் கட்டியால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நூற்றுக்கு மேற்பட்ட தகவல்கள் ஸியர்ல் கம்பெனிக்கு வந்து சேர்ந்துவிட்டன. அவர்களுள் இறந்தவர்களும் இருந்தனர்.

கம்பெனியின் சார்பிலும் மாத்திரையை ஆதரித்த நிபுணர்களின் சார்பிலும் சொல்லப்பட்ட மறுமொழியை இன்று நாம் எளிதில் பழித்துவிடலாம். ஆனால் அதில் ஒரு நியாயமும் இருந்தது. மாத்திரையைக் கையால் தொடாத இளம் பெண்களுக்கும் ரத்தக் கட்டி வருவதுண்டு. கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் அது மிகுதியாகவே வரும். பத்து லட்சம் பெண்கள் ஒரு மருந்தை உட்கொண்டால், அவர்களுள் சிலருக்கு அந்த மருந்தோடு யாதொரு சம்பந்தமுமின்றியே நோய் வந்துதான் தீரும். ஆகவே, உட்கொண்டவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்பதால் பயனில்லை. உட்கொள்ளாதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டாவது கணக்கு அமெரிக்காவில் யாரிடமும் இல்லை. 1963இல் டாக்டர் இர்விங் ரைட் என்பவரின் தலைமையில் கூடிய குழு, கிடைத்த சொற்பத் தகவல்களைக் கொண்டு, மாத்திரையே காரணமென்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்று முடித்தது. 1966இல் டாக்டர் லூயி ஹெல்மன் தலைமையில் கூடிய மற்றொரு குழு, இம்மருந்துகள் மனித உபயோகத்துக்கு ஆபத்தானவை என்று நிரூபிக்கும் விஞ்ஞானச் சான்று இப்போதைக்கு இல்லை என்று எழுதிற்று.

சான்று இல்லை என்பது உண்மை. சான்றைத் தேடும் முயற்சி நடைபெறவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. ஆபத்து இல்லை என்பதற்கும், ஆபத்து உண்டா என்று பார்க்கவில்லை என்பதற்கும் உள்ள பேதத்தை மாத்திரை உண்ட பெண்களுக்கு எடுத்துச் சொல்ல எவரும் முன்வரவில்லை.

* * *

58 பேரும் 116 பேரும்

காரியம் நடந்தது பிரிட்டனில். அதற்கு ஒரு துயரமான காரணமிருந்தது. தாலிடமைட் என்ற தூக்க மருந்தைக் கர்ப்ப காலத்தில் உட்கொண்ட தாய்மாருக்குக் கைகால் குறைந்த குழந்தைகள் பிறந்த கோரத்தைக் கண்ட அந்நாடு, 1963ஆம் ஆண்டு ஸர் டெரிக் டன்லப் என்பவரின் தலைமையில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஒன்றை நிறுவியது. எந்த வைத்தியரும் தாம் ஐயுறும் எந்த விளைவையும் எழுதியனுப்புவதற்கென மஞ்சள் நிற அட்டை நாடெங்கும் விநியோகிக்கப்பட்டது. அந்த அட்டைகளை வாங்கிச் சீர்ப்படுத்தும் பொறுப்பு வில்லியம் இன்மன் என்ற டாக்டரிடம் இருந்தது.

மாத்திரையைப் பற்றிய மஞ்சள் அட்டைகள் குவிந்தன. அட்டைகள் சந்தேகத்தை எழுப்புமேயன்றி நிரூபிக்கமாட்டா என்பது இன்மனுக்குத் தெரியும். புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை முன்னமே கணக்கால் நிறுவிப் புகழ்பெற்றிருந்த ரிச்சர்ட் டாலும், அவரோடு இளம் ஆராய்ச்சியாளராக இருந்த மார்ட்டின் வெஸ்ஸியும் இப்பணியில் இறங்கினர்.

அவர்கள் கையாண்ட முறை மிக எளிமையானது. காலிலோ நுரையீரலிலோ ரத்தக் கட்டி ஏற்பட்டு ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்ட, வேறு காரணம் ஏதும் காணப்படாத 16 முதல் 40 வயது வரையிலான மணமான பெண்களை எடுத்துக்கொண்டனர். அத்தகையோர் 58 பேர் கிடைத்தனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இணையாக, அதே வயதினராய், வேறு நோய்களுக்காக அதே ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டிருந்த இருவரைத் தேர்ந்தனர். அவர்கள் 116 பேர். நோய் வருவதற்கு முந்திய மாதத்தில் மாத்திரை உட்கொண்டீர்களா என்ற கேள்வி எல்லோரிடமும் கேட்கப்பட்டது.

ரத்தக் கட்டி வந்த 58 பேரில் 26 பேர் உட்கொண்டிருந்தனர். வராத 116 பேரில் 10 பேரே உட்கொண்டிருந்தனர்.

நூற்றுக்கு 45 ஒரு பக்கம். நூற்றுக்கு 9 மறுபக்கம். ஏழாண்டுகளாகக் குழுக்கள் கூடியும் கலைந்தும் விடைகாணாதிருந்த கேள்விக்கு, 174 பெண்களின் மறுமொழி விடை சொல்லிவிட்டது. மாத்திரை உட்கொள்ளும் பெண்ணுக்கு இவ்வகை ரத்தக் கட்டியால் ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம், உட்கொள்ளாதவளைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்பது மடங்கு என்று அவர்கள் மதிப்பிட்டனர்.

அதே ஆண்டில், அதாவது 1968இல், இன்மனும் வெஸ்ஸியும் சேர்ந்து இறந்துபோன பெண்களின் கணக்கையும் எடுத்தனர். மரணச் சான்றிதழ்களைத் தேடி, ஒவ்வொருவருக்கும் வைத்தியம் பார்த்த குடும்ப வைத்தியரைக் கண்டு விசாரித்து அவர்கள் கண்ட முடிவு இது: 20 முதல் 34 வயது வரையுள்ள பெண்களில், மாத்திரை காரணமாக ரத்தக் கட்டியால் ஓராண்டில் இறப்பவர் லட்சத்துக்கு 1.3 பேர், 35 முதல் 44 வயது வரையுள்ளவர்களில் 3.4 பேர்.

இந்த எண்ணை வாசகர்கள் இரு கண்ணாலும் பார்க்க வேண்டுகிறேன். லட்சத்துக்கு ஒருவர் என்பது மிகச் சிறிய எண். கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் அன்று இறந்த தாய்மாரின் விகிதம் இதைப்போலப் பல மடங்கு. ஒன்பது மடங்கு என்று கேட்டுத் திடுக்கிட்டவர் இதைக் கேட்டு அமைதியடையலாம். ஆயினும் அந்த ஒருவர் நோயாளி அல்லர், சாவின் வாயிலில் நின்று மருந்தை யாசித்தவர் அல்லர் என்பதையும், எந்த ஆபத்தை ஏற்கிறோமென்று ஒருவரும் சொல்லாமலே அதை ஏற்றவர் என்பதையும் மறப்பதற்கில்லை.

அட்லாண்டிக்கின் மறுகரையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் ஸார்ட்வெல் 1969இல் நடத்திய ஆராய்ச்சியிலும் திசை மாறவில்லை. அவர் கண்ட அபாயம் 4.4 மடங்கு.

* * *

கட்டியை உண்டாக்கியது எது?

அபாயம் உண்டென்பது நிலைநாட்டப்பட்டது. மாத்திரையிலுள்ள இரு பொருள்களுள் குற்றவாளி எது என்பது அடுத்த வினா.

இன்மன் தம்மிடம் குவிந்திருந்த மஞ்சள் அட்டைகளை மீண்டும் எடுத்தார். அதற்குள் சந்தையில் பல கம்பெனிகளின் மாத்திரைகள் வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஈஸ்ட்ரோஜனின் அளவு வேறு. எந்த மாத்திரை எவ்வளவு விற்பனையாயிற்று, அதனால் எத்தனை ரத்தக் கட்டிகள் வந்ததாக அட்டைகள் கூறுகின்றன என்று ஒப்பிட்டார். ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் சேர்ந்திருந்த தகவல்களும் அவருக்குக் கிட்டின.

மூன்று நாடுகளின் கணக்கும் ஒன்றையே சொல்லின. ஈஸ்ட்ரோஜன் ஏற ஏறக் கட்டிகள் பெருகின. குறையக் குறைய அவையும் குறைந்தன.

ஆக, அசுத்தமாக உள்ளே வந்து, அளவு என்னவென்று ஆராயப்படாமலே தங்கிவிட்ட அந்தப் பொருளே விபத்துக்குக் காரணமாயிருந்தது.

1969ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மருந்துப் பாதுகாப்புக் குழு பிரிட்டிஷ் வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது: 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகளை இனி எழுதிக் கொடுக்காதிருப்பது நலம். எனோவிட்டின் முதல் மாத்திரையிலிருந்த 150 மைக்ரோகிராமில் மூன்றில் ஒரு பங்கு அது. அவ்வளவு குறைந்த அளவிலும் கர்ப்பம் தடைபட்டது; நடுமாத உதிரப்போக்கும் தாங்கும் அளவிலேயே இருந்தது.

இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் உள்ள எத்தினில் ஈஸ்ட்ரடயோல் 30 மைக்ரோகிராம். அது மெஸ்ட்ரனாலைவிடச் சற்று வீரியம் மிக்க பொருளாதலால் எண்ணுக்கு எண் ஒப்பிடுதல் சரியன்று. ஆனாலும் பயணம் எவ்வளவு தூரம் என்பதை அது காட்டும். 1957இல் பெண்கள் விழுங்கிய ஈஸ்ட்ரோஜனில் பெரும்பகுதி தேவையே இல்லாதது. தேவையில்லாததை அவர்கள் உடம்பு பத்தாண்டுகள் சுமந்தது.

* * *

வாஷிங்டனில் ஒரு விசாரணை

பிரிட்டனில் கணக்கு பேசியது. அமெரிக்காவில் பேசியது பார்பரா ஸீமன் என்ற பத்திரிகை எழுத்தாளர்.

அவர் வைத்தியர் அல்லர். பெண்களுக்கான பத்திரிகைகளில் ஆரோக்கியப் பகுதி எழுதிவந்தவர். 1957இல் அவருக்குக் குழந்தை பிறந்தபோது, ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொடுத்த பேதி மருந்து தாய்ப்பால் வழியே குழந்தைக்குச் சென்று அதை நோயில் தள்ளியது. இரண்டாண்டுகளுக்குப்பின் அவருடைய சிற்றன்னை 49ஆம் வயதில் கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் அவர் உட்கொண்டுவந்த ஈஸ்ட்ரோஜன் மருந்தே காரணமாயிருக்கலாமென்று வைத்தியர் ஒருவர் அப்போது சொன்னார். அந்தச் சொல் ஸீமனின் உள்ளத்தில் தங்கிவிட்டது.

மாத்திரையைப் பற்றி எழுதப்போக, வாசகிகளின் கடிதங்கள் வந்து குவிந்தன. வைத்தியர்களையும், பாதிக்கப்பட்டவர்களையும், இறந்தவர்களின் கணவன்மாரையும் அவர் சந்தித்துப் பேசினார். அவற்றையெல்லாம் தொகுத்து, மாத்திரைக்கு எதிராக வைத்தியர்கள் கூறும் வழக்கு என்ற பொருள்படும் தலைப்பில் 1969இல் ஒரு நூலை வெளியிட்டார். அந்நூல் விஸ்கான்ஸின் மாநிலத்துச் செனட்டர் கேலார்ட் நெல்சனின் கைக்குப் போயிற்று.

1970ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி நெல்சனின் குழு விசாரணையைத் தொடங்கியது. அப்போது மாத்திரை உட்கொண்டுவந்த அமெரிக்கப் பெண்கள் சுமார் 85 லட்சம் பேர். மாத்திரையை நாட்டைவிட்டே ஒழிக்க வேண்டுமென்பது நெல்சனின் நோக்கமன்று. அதை உட்கொள்ளும் பெண்களுக்கு அதன் அபாயங்கள் தெரிவிக்கப்படுகின்றனவா என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ஹார்மோன் ஆராய்ச்சியில் பேரனுபவமுள்ள டாக்டர் ராய் ஹெர்ட்ஸ், ரத்தக் கட்டியைவிடக் கொடிய ஓர் அச்சத்தை முன்வைத்தார்: கோதுமைப் பயிருக்கு உரம் எப்படியோ அப்படியே புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரோஜன் என்றார். கிஸ்ட்னர் மாத்திரையின் சார்பில் நின்றார். அதனால் வேதனை நீங்கிய நோயாளிகளைக் கண்கூடாகக் கண்டவர் அவர். உதிரப்போக்கு மிகுந்து ரத்தசோகையால் வாடியவர்களுக்கும், மாதந்தோறும் படுத்த படுக்கையாகிவிடும் பெண்களுக்கும் இம்மருந்து செய்த நன்மை பொய்யன்று. நன்மை கண்டவரும் தீமை கண்டவரும் இருவருமே மெய்யைச் சொன்னதால்தான் அந்த விசாரணை அவ்வளவு கடினமாயிற்று.

ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த டாக்டர் ஹியூ டேவிஸ் மாத்திரையைக் கடுமையாகக் கண்டித்தார். கருப்பைக்குள் பொருத்தும் ஒரு புதிய சாதனத்தில் அவருக்கே வியாபாரப் பங்கு இருந்ததென்பது பின்னரே உலகுக்குத் தெரிந்தது. 'டால்கன் ஷீல்டு' என்ற பெயரில் விற்பனையான அச்சாதனம் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கொடிய நோய்த்தொற்றை விளைவித்து, வழக்குகளில் சிக்கி மறைந்தது. ஒரு மருந்தின் குற்றத்தை மெய்யாகவே எடுத்துரைப்பவரும் தம் சொந்த லாபத்துக்காக அதைச் செய்யலாம் என்பதை நாம் கருத்தில் கொள்வது அவசியம்.

செனட்டர் ராபர்ட் டோல், இந்த விசாரணையே பெண்களை வீணாக அச்சுறுத்துகிறதோ என்று கவலைப்பட்டார்.

* * *

எழுந்து நின்றவர்கள்

வாஷிங்டனில் பெண்கள் விடுதலைக் குழு ஒன்றைச் சேர்ந்த சிலர் அந்த மண்டபத்தில் பார்வையாளர்களாக அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஆலிஸ் வுல்ஃப்ஸன் ஒருவர். அவர்களிலும் மாத்திரை உட்கொண்டு, உபாதைகள் கண்டு, வைத்தியரிடம் சொல்லி, அது ஒன்றுமில்லை என்ற மறுமொழியோடு திரும்பியவர்கள் இருந்தனர்.

மேடையில் இருந்தவர்கள் ஆண்கள். அன்று சாட்சி சொல்ல வந்தவர்களும் ஆண்கள். மாத்திரையால் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணும் சாட்சியாக அழைக்கப்படவில்லை. இத்தனைக்கும் காரணமான நூலை எழுதிய ஸீமனும் அழைக்கப்படவில்லை.

விசாரணையின் நடுவே அவர்கள் எழுந்து நின்றனர். பெண்களைச் சோதனைப் பிராணிகளாக ஏன் நடத்துகிறீர்கள், மாத்திரையால் துன்புற்றவர்களை ஏன் சாட்சியாக அழைக்கவில்லை, ஆண்களுக்கு ஏன் மாத்திரை இல்லை என்று உரக்கக் கேட்டனர். நெல்சன் அவர்களை அமரும்படி சொன்னார். அவர்கள் அமரவில்லை, வெளியேற்றப்பட்டனர். டெலிவிஷன் காமிராக்கள் அந்தக் காட்சியை நாடெங்கும் கொண்டுசென்றன.

எத்தனையோ நிபுணர்கள் எத்தனையோ புள்ளிவிவரங்களைச் சொல்லியும் நகராதது இதனால் நகர்ந்தது என்பதே என் அபிப்பிராயம். வெஸ்ஸியும் டாலும் இன்மனும் இல்லாவிடில் அப்பெண்களின் கோபத்துக்கு ஆதாரம் இருந்திராது. அப்பெண்கள் இல்லாவிடில் அந்த ஆதாரம் வைத்தியப் பத்திரிகைகளின் பக்கங்களுக்குள்ளேயே உறங்கியிருக்கும்.

'நியூஸ்வீக்' பத்திரிகை அந்தக் குளிர்காலத்தில் வெளியிட்ட கருத்துக் கணிப்பின்படி, மாத்திரை உட்கொண்டவர்களில் நூற்றுக்கு 18 பேர் அண்மையில் அதை நிறுத்திவிட்டனர். மூன்றில் இரண்டு பங்கினர், அதன் அபாயங்களைப் பற்றித் தங்கள் வைத்தியர் ஒருபோதும் சொன்னதில்லை என்றனர். நிறுத்தியவர்களுள் சிலர் வேறு பாதுகாப்பின்றிக் கர்ப்பமுற்றனர். அக்குழந்தைகளை நெல்சன் குழந்தைகள் என்று சிலர் கசப்போடு குறிப்பிட்டனர். அந்தக் கசப்பிலும் பொருளில்லாமலில்லை. பத்தாண்டுகள் மெல்ல மெல்லச் சொல்லியிருக்க வேண்டிய உண்மையை ஒரே மாதத்தில் பத்திரிகைத் தலைப்புகளாகக் கேட்கும் ஒருத்தி நிதானமாக முடிவெடுப்பாளென்று எதிர்பார்ப்பது நியாயமன்று. குற்றம் உண்மையைச் சொன்னவர்களுடையதா, அதுவரை சொல்லாதிருந்தவர்களுடையதா?

* * *

ஒரு துண்டுத்தாள்

மார்ச் 4ஆம் தேதி, விசாரணையின் இறுதி நாளன்று, உணவு மருந்து நிர்வாகத்தின் கமிஷனர் சார்லஸ் எட்வர்ட்ஸ் குழுவின் முன் வந்து ஓர் அறிவிப்புச் செய்தார். மாத்திரைப் பொட்டலம் ஒவ்வொன்றிலும், உட்கொள்ளும் பெண்ணே படித்தறியும்படி, அபாயங்களை விளக்கும் ஒரு தாள் வைக்கப்பட வேண்டும் என்பதே அது. சுமார் 600 சொற்களில் அதன் நகலும் ஆயத்தமாயிருந்தது.

இன்று எந்த மருந்துப் பெட்டியைத் திறந்தாலும் மடித்து வைத்த தாள் ஒன்று விழுகிறது. நாம் படிக்காமலே வீசிவிடுகிறோம். அன்றோ இது வைத்திய உலகத்தையே உலுக்கியது. மருந்தைப் பற்றி நோயாளிக்கு என்ன சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் வைத்தியருக்கே உரியது என்பது அதுவரை யாரும் கேள்வி கேளாத சம்பிரதாயம். அமெரிக்க வைத்தியர் சங்கம் எதிர்த்தது. மருந்துக் கம்பெனிகளும் எதிர்த்தன. வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையே அரசாங்கம் புகுவதாகாதா என்றனர்.

600 சொற்கள் தேய்ந்தன. ஜூன் மாதம் இறுதி வடிவம் வெளியானபோது எஞ்சியவை சுமார் 100 சொற்கள். ரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயத்தை அது குறிப்பிட்டது; பிறவற்றுக்கு வைத்தியரிடம் கேட்டுச் சிறு புத்தகம் ஒன்றைப் பெற்றுக்கொள்ளச் சொன்னது. முழு விவரங்களும் அடங்கிய தாள் பொட்டலத்துக்குள் வர அதன்பின்னும் எட்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஸீமனும் வுல்ஃப்ஸனும் வேறு மூவரோடு சேர்ந்து, 1975இல், பெண்களின் ஆரோக்கியத்துக்கென்றே தேசிய அளவில் ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டனர்.

மாத்திரை அழியவில்லை. உண்மையைச் சொன்னால் பெண்கள் அஞ்சி ஓடிவிடுவர் என்று கருதியவர்களின் கணிப்பு தவறிற்று. ஈஸ்ட்ரோஜன் குறைக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கலாகாதென்பது தெளிவாயிற்று. ரத்தக் கட்டி முன்னரே வந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது என்பதும், 35 வயதுக்கு மேற்பட்டுப் புகைபிடிக்கும் பெண்ணுக்கு அதனால் மாரடைப்பு அபாயம் மிகுகிறதென்பதும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வைத்தியர்களின் சாதாரண அறிவாயின. 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஈஸ்ட்ரோஜன் கொண்ட மாத்திரைகள் 1988இல் அமெரிக்கச் சந்தையிலிருந்தே மறைந்தன.

* * *

ஹெர்ட்ஸ் விட்டுச் சென்ற வினா

ரத்தக் கட்டி சில மாதங்களில் தன்னைக் காட்டிக்கொள்ளும் நோய். அதனால்தான் 58 பெண்களைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. புற்றுநோய் அப்படியன்று. இருபது வயதில் விழுங்கியதன் விளைவு நாற்பதிலோ ஐம்பதிலோ தலைகாட்டக்கூடும். 1970இல் ஹெர்ட்ஸ் தம் அச்சத்தைச் சொன்னபோது, அவர் சொல்வது சரியென்றோ தவறென்றோ உறுதியாகக் கூறத்தக்க மனிதர் உலகில் ஒருவரும் இலர், காலம் போதவில்லை.

ஆனால் காத்திருக்கத் துணிந்த சிலர் இருந்தனர். 1968ஆம் ஆண்டு மே மாதம், பிரிட்டனின் குடும்ப வைத்தியர்கள் சங்கம் ஒரு பெருங்கணக்கைத் தொடங்கியிருந்தது. நாடெங்குமுள்ள 1,400 வைத்தியர்கள் மாத்திரை உட்கொள்ளும் 23,000 பெண்களையும், அவர்களுக்கு இணையாக உட்கொள்ளாத 23,000 பெண்களையும் தேர்ந்து, அவர்களுக்கு வரும் ஒவ்வொரு நோயையும் ஆண்டுதோறும் குறித்துவரலாயினர். அதே ஆண்டில் வெஸ்ஸியும் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையங்களில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கி, முடிவில் 17,032 பேரை ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பின்தொடர்ந்தார்.

அந்தப் பெண்களுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. மார்பகம், கருப்பை, கருப்பையின் வாய், சூலகம் என்று உறுப்புக்கு உறுப்பு புற்றுநோயின் கணக்கு மெதுவாக ஏடேறியது. எல்லா உறுப்புகளும் ஒரே மறுமொழியைத் தரவில்லை. ஓர் உறுப்பின் கணக்கைக் கூட்டிப் பார்த்தவர்கள், எண்களை இடம் மாற்றி எழுதிவிட்டோமோ என்று ஐயுறும்படியான ஒரு முடிவு அதிலிருந்து எழுந்தது.

உரம் என்று ஹெர்ட்ஸ் அஞ்சிய அதே மாத்திரை, அந்த உறுப்பில் பயிரை வளர்த்ததா, வாடச் செய்ததா?

(தொடரும்)